கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் பார்க்க வேண்டியவை

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று எந்த மெக்கானிக்குக்கு போன் போட்டாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "செல்ஃப் எடுக்குதா சார்?" என்பதுதான். புதிதாகக் கார் வாங்கியவர்கள் பலர் இந்த இடத்திலேயே திணறிவிடுவார்கள். "தெரியலைங்க, சாவியைத் திருப்பினா ஒண்ணும் ஆக மாட்டேங்குது" என்பார்கள். அந்த ஒரு வரிக்குள் பத்துப் பதினைந்து விதமான கோளாறு ஒளிந்திருக்கலாம். அவற்றில் பலவற்றை நீங்களே நின்ற இடத்தில் சரி செய்துவிடலாம். சரி செய்ய முடியாததாக இருந்தாலும், என்ன நடக்கிறது என்று சரியாகச் சொன்னால் மெக்கானிக் அதற்கேற்ற சாமானோடு வருவார். வண்டியைத் தேவையில்லாமல் கட்டி இழுத்துப்போகும் செலவும் மிச்சம்.

செல்ஃப் என்பது ஸ்டார்ட்டர் மோட்டார். சாவியைக் கடைசி வரை திருப்பும்போது "ர்ர்ர்" என்று எஞ்சினைச் சுற்றிவிடுவது அதுதான். அது சுற்றவே இல்லை, அல்லது முக்கி முனகிச் சுற்றுகிறது என்றால் கோளாறு மின்சாரப் பக்கம்: பேட்டரி, டெர்மினல் (பேட்டரியில் வயர் மாட்டும் முனை), செல்ஃப் மோட்டார், ஏதாவது சுவிட்ச். அது நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை மறந்துவிடுங்கள். பெட்ரோல் வரவில்லை, அல்லது ஸ்பார்க் வரவில்லை, அல்லது காரின் கம்ப்யூட்டருக்கு உங்கள் சாவியை அடையாளம் தெரியவில்லை. இந்த இரண்டில் எது என்று பிரித்துவிட்டு மேற்கொண்டு போனால் குழப்பமே இல்லை.

ஒரு எச்சரிக்கை. ஸ்டார்ட் ஆகவில்லை என்ற பதற்றத்தில் சாவியைத் திருப்பிக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு தடவைக்கு ஐந்து வினாடி, நடுவில் அரை நிமிடமாவது இடைவெளி. விடாமல் சுற்றினால் செல்ஃப் மோட்டார் சூடேறிப் புகையும். பேட்டரியில் மிச்சம் இருந்த உயிரும் போய்விடும். அப்புறம் அசல் கோளாறு எது, நாம் உண்டாக்கியது எது என்று பிரிக்கவே முடியாது.

பானெட்டைத் திறக்கும் முன்

முதலில் சின்ன விஷயங்கள். அனுபவம் உள்ளவர்களே அவசரத்தில் கோட்டை விடுவது இங்கேதான்.

சாவி திரும்பவே இல்லையா? ஸ்டியரிங் லாக் விழுந்திருக்கும். ஒரு கையால் ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டிக்கொண்டே மறு கையால் சாவியைத் திருப்புங்கள், விட்டுவிடும். சாவியை மட்டும் பலமாகத் திருகினால் உடைந்த பாதி உள்ளேயே நின்றுவிடும்.

ஆட்டோமேட்டிக் காராக இருந்தால் கியர் 'பி' அல்லது 'என்' இடத்தில் இருக்க வேண்டும். ஏ.எம்.டி. கார்கள் (மேனுவல் கியர் பாக்ஸையே தானாக மாற்றிக்கொள்பவை) பெரும்பாலானவற்றில் 'பி' என்பதே கிடையாது. 'என்'னில் வைத்து, பிரேக்கை அழுத்திக்கொண்டுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பட்டன் ஸ்டார்ட் உள்ள மேனுவல் கார்களில் கிளட்ச்சை அடி வரை மிதிக்காமல் செல்ஃப் எடுக்காது. சாவி போடும் புதிய கார்கள் பலவற்றிலும் இதே கதைதான். மிதியடி விரிப்பு முன்னால் நகர்ந்து கிளட்ச்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் எவ்வளவு மிதித்தாலும் அது அடி வரை போகாது. விரிப்பை இழுத்துவிட்டு ஒரு தடவை முயன்று பாருங்கள்.

பட்டன் ஸ்டார்ட் கார் "சாவி இல்லை" என்று சொன்னால் சாவிக்குள் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் அது சி.ஆர். 2032 வகை, வாட்ச் கடையில் கிடைக்கும். அதுவரை சமாளிக்க, சாவியையே ஸ்டார்ட் பட்டன் மேல் ஒட்டி வைத்து அழுத்துங்கள். பெரும்பாலான கார்களில் இப்படி எடுத்துவிடும். கதவே திறக்கவில்லை என்றால் அந்தச் சாவிக்குள்ளேயே ஒரு சின்ன உலோகச் சாவி ஒளிந்திருக்கும், உருவிப் பாருங்கள்.

சி.என்.ஜி. கார் வைத்திருப்பவர்கள் எரிவாயு நிரப்பும் மூடியைப் பார்க்க வேண்டும். கம்பெனியிலேயே சி.என்.ஜி. பொருத்தி வரும் கார்களில் அந்த மூடிக்கு ஒரு சின்ன சுவிட்ச் வைத்திருப்பார்கள். கேஸ் பிடிக்கும்போது யாரும் வண்டியை எடுத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. மூடி சரியாகச் சாத்தாமல் விட்டாலும் அதே சுவிட்ச் வண்டியை எடுக்க விடாது. பங்க்கிலிருந்து கிளம்பும்போது வண்டி மக்கர் செய்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான் விழ வேண்டும். இன்னொன்று, பல சி.என்.ஜி. கார்கள் முதலில் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, பிறகுதான் கேஸுக்கு மாறும். கேஸ்தான் இருக்கிறதே என்று பெட்ரோல் டேங்கைக் காய விட்டால் ஒரு நாள் காலையில் வண்டி எழுந்திருக்காது.

செல்ஃப் எடுக்கவில்லை என்றால்

சாவியை ஆன் வரைக்கும் திருப்பி மீட்டர் போர்டைப் பாருங்கள். ஒரு விளக்குமே எரியவில்லை என்றால் பேட்டரி முழுக்க இறங்கிவிட்டது, அல்லது டெர்மினல் கழன்றிருக்கிறது. விளக்குகள் எரிகின்றன என்றால் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். இரவென்றால் எதிர்ச்சுவரில் வெளிச்சம் தெரியும். பகலென்றால் ஒருவரை முன்னால் நிற்கச் சொல்லுங்கள்.

ஸ்டார்ட் செய்யும்போது லைட் மங்கிப்போய், "டிக்டிக்டிக்டிக்" என்று வேகமாகச் சத்தம் வந்தால் பேட்டரிக்குத் தெம்பு இல்லை, அல்லது டெர்மினலில் தொடர்பு சரியில்லை. "டக்" என்று ஒரே ஒரு தடவை சத்தம் வந்து லைட் அப்படியே பளிச்சென்று இருந்தால் பேட்டரி மேல் பழியில்லை. செல்ஃப் மோட்டாரைச் சந்தேகியுங்கள். சத்தமே இல்லை, லைட்டும் மங்கவில்லை என்றால் செல்ஃபுக்குச் செய்தியே போகவில்லை. கிளட்ச் சுவிட்ச், கியர் சுவிட்ச், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), ஃப்யூஸ், இக்னிஷன் சுவிட்ச் ஆகியவற்றில் ஏதோ ஒன்று.

"ஹார்ன் அடிக்குது, லைட் எரியுது, அப்போ பேட்டரி நல்லாத்தானே இருக்கு?" என்பது எல்லோரும் கேட்பது. சாதாரண ஹெட்லைட் பல்பு இரண்டும் சேர்ந்து இழுப்பது பத்து ஆம்பியருக்குள்தான். செல்ஃப் மோட்டார் ஒரு சின்ன பெட்ரோல் எஞ்சினைச் சுற்றவே நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். லைட் எரியும் அளவுக்குச் சார்ஜ் உள்ள பேட்டரி செல்ஃபைச் சுற்ற முடியாமல் படுத்துவிடுவது தினமும் நடப்பது.

வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் வைக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கிறது. 12.4 பரவாயில்லை. 12.2 என்றால் கிட்டத்தட்ட பாதி. 12-க்குக் கீழே போனால் ஸ்டார்ட் ஆவது சந்தேகம். யாரையாவது ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு அதே நேரம் மீட்டரைப் பாருங்கள். ஒன்பதரைக்கும் கீழே விழுந்தால், நிற்கும்போது எவ்வளவு காட்டினாலும் அந்தப் பேட்டரியை இனி நம்ப முடியாது.

நம் ஊர் வெயிலில் கார் பேட்டரிக்கு மூன்று, நான்கு வருடம்தான் ஆயுள். சூடு ஏற ஏற உள்ளே இருக்கும் தகடுகள் சீக்கிரம் அரிக்கும், தண்ணீர் வற்றும். ஏப்ரல், மே மாத வெயிலில் பாதி செத்துப்போன பேட்டரி ஐப்பசி மழையில்தான் தன் நிலையைக் காட்டும். வைப்பர், லைட், ஏசி எல்லாம் ஓட, வண்டி நெரிசலில் ஊர்ந்துகொண்டே இருந்தால் இழந்த சார்ஜ் திரும்ப ஏறாது. சமவெளியில் ஒழுங்காக ஓடிய கார் மார்கழியில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய் ஒரு ராத்திரி நின்றதும் காலையில் எடுக்காமல் போவதும் இதே கணக்குதான். குளிரில் எஞ்சின் ஆயில் கெட்டியாகிவிடும், செல்ஃபுக்கு வேலை கூடும், பேட்டரியின் பலமோ குறையும். காட்டேஜ் வாசலில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பவர்களின் வண்டிகளைப் பாருங்கள், பெரும்பாலும் மூன்று வருடம் தாண்டிய பேட்டரியாக இருக்கும்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதில் விலக்கு இல்லை. பெரிய பேட்டரி நிறையச் சார்ஜ் இருந்தாலும், கம்ப்யூட்டரையும் சுவிட்சுகளையும் எழுப்புவது வேறொரு சின்ன 12 வோல்ட் பேட்டரி. அது இறங்கினால் வண்டி கண்ணையே திறக்காது.

டெர்மினலைக் கொஞ்சம் பாருங்கள்

புதுப் பேட்டரிக்குப் பணம் எடுத்து வைக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. பேட்டரியில் வயர் மாட்டியிருக்கும் இரண்டு காதுகளையும் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். கையாலேயே அசைந்தால் அதுதான் கோளாறு. பெரும்பாலான கார்களில் 10 நம்பர் ஸ்பேனர் போதும், இறுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

அசையவில்லை, ஆனால் வெள்ளையாகவோ பச்சையும் நீலமும் கலந்த மாதிரியோ பொடி பூத்திருக்கிறதா? அந்தப் பொடி மின்சாரத்தை மறிக்கும். வெறும் கையால் தொடாதீர்கள், அதில் ஆசிட் கலந்திருக்கும். வண்டியை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, முதலில் மைனஸைக் கழற்றுங்கள், பிறகு பிளஸ். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. காரின் பாடி முழுவதும் மைனஸோடு சேர்ந்தது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸைக் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் இடித்தால் பொறி பறக்கும், ஸ்பேனர் அங்கேயே ஒட்டிக்கொள்ளவும் செய்யும். கழற்றியதும் சமையல் சோடா கலந்த வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பழைய டூத் பிரஷால் தேயுங்கள். நுரைத்துக்கொண்டு பொடி கரையும். பேட்டரி மூடித் துளைக்குள் மட்டும் அந்தத் தண்ணீர் இறங்கக் கூடாது. துடைத்து, உப்புக் காகிதத்தால் காதின் உட்புறத்தை ஈயம் மின்னும் வரை உரசி, இந்தத் தடவை பிளஸ்ஸை முதலில் மாட்டி, மைனஸைக் கடைசியில் மாட்டுங்கள். மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் சீக்கிரத்தில் மறுபடி பூக்காது. கோலா ஊற்றினாலும் பொடி கரையும் என்பது உண்மைதான். ஆனால் பிசுபிசுப்பையும் எறும்பையும் சேர்த்து விலைக்கு வாங்கியதாகிவிடும்.

டெர்மினல் சுத்தம், பேட்டரியும் 12.5 காட்டுகிறது, ஆனாலும் செல்ஃப் முனகுகிறது என்றால் எர்த் வயரைப் பாருங்கள். பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கும் கியர் பாக்ஸுக்கும் ஒரு தடித்த வயர் போகும். அதன் மறுமுனை துருப்பிடித்துத் தளர்ந்திருந்தால், பேட்டரி செத்த மாதிரியே எல்லா அறிகுறியும் தெரியும். ஜம்பர் கேபிளின் கறுப்பு வயரைப் பேட்டரி மைனஸிலும் எஞ்சினின் ஒரு கனமான உலோகப் பகுதியிலும் மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். சட்டென்று எடுத்தால் குற்றவாளி எர்த் வயர்தான். இதைப் பார்க்காமலேயே பேட்டரி, செல்ஃப் மோட்டார் என்று இரண்டையும் மாற்றிவிட்டு, பிறகும் வண்டி எடுக்காமல் விழிப்பவர்கள் உண்டு.

"டக்" என்று ஒற்றைச் சத்தம் வரும் வண்டிக்கு ஒரு பழைய கைவைத்தியம் இருக்கிறது. செல்ஃப் மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டால் தொடர்பு விட்டு விட்டு வரும். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஒருவர் சாவியைத் திருப்பும்போது இன்னொருவர் வீல் ஸ்பேனரின் பிடியால் மோட்டார் உடம்பில் லேசாக இரண்டு தட்டு தட்டினால் பல நேரம் எடுத்துவிடும். வயர் மாட்டியிருக்கும் முனைகளில் படாமல் தட்டுங்கள். இது வீடு போய்ச் சேருவதற்கான வழி மட்டும்தான். அடுத்த நாள் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் காட்டி பிரஷை மாற்றுங்கள். முழு மோட்டாரையும் மாற்றச் சொன்னால், பிரஷ் மாற்றினால் போதாதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

ஜம்ப் ஸ்டார்ட்

பேட்டரிதான் இறங்கியிருக்கிறது என்று உறுதியானால் இன்னொரு காரிலிருந்து மின்சாரம் கடன் வாங்கலாம். அந்த வண்டியும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். நம் ஊர் லாரி, பஸ்கள் பெரும்பாலும் 24 வோல்ட். லாரி டிரைவர் நல்ல மனசோடு உதவ வந்தாலும் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள், காரின் எலெக்ட்ரானிக்ஸ் மொத்தமும் போய்விடும். கேபிள் தடிமனாக இருக்க வேண்டும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய கேபிள்கள் சூடாகும், வேலைக்கு ஆகாது.

இரண்டு கார்களையும் ஒன்றையொன்று தொடாமல் பக்கத்தில் நிறுத்தி, இரண்டையும் அணைத்துவிட்டு:

1. சிவப்பு கேபிளின் ஒரு முனை இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில்.
2. சிவப்பின் மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில்.
3. கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸில்.
4. கறுப்பின் மறுமுனை எடுக்காத காரின் எஞ்சினில், பெயின்ட் இல்லாத கனமான உலோகத்தில், பேட்டரியிலிருந்து கொஞ்சம் தள்ளி.

நாலாவதை நேராக மைனஸிலேயே மாட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம், பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும். கடைசி இணைப்பில்தான் பொறி வரும். இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால் பேட்டரி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கும். ஓர் அடி தள்ளி மாட்டுவதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

மாட்டியதும் நல்ல காரை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். பிறகு உங்கள் காரை எடுத்துப் பாருங்கள். எடுத்துவிட்டால் கேபிளை மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்ற வேண்டும். கவ்விகள் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க் மாதிரி கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர்களும் இப்போது கிடைக்கின்றன, தனியாகப் பயணம் செய்பவர்களுக்கு உபயோகம். ஆனால் அதற்குள் இருப்பது லித்தியம் பேட்டரி. வெயிலில் நிற்கும் காருக்குள் மாதக்கணக்கில் போட்டு வைக்கக் கூடாது.

தள்ளி எடுக்கலாமா?

மேனுவல் கியர் காருக்கு மட்டும். ஆட்டோமேட்டிக்கிலும் ஏ.எம்.டி.யிலும் இந்த வித்தை பலிக்காது. சாவி ஆனில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டத்தில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இரண்டாவது கியர், கிளட்ச்சை முழுக்க மிதித்து, இரண்டு மூன்று பேர் தள்ளி வண்டி வேகம் பிடித்ததும் கிளட்ச்சைச் சட்டென்று விட்டு, எடுத்தவுடன் மறுபடி மிதியுங்கள். மீட்டர் போர்டில் ஒரு விளக்குகூட எரியாத அளவுக்குப் பேட்டரி செத்திருந்தால் தள்ளிப் பிரயோசனமில்லை. இப்போதைய கார்களில் பெட்ரோல் பம்ப்பும் கம்ப்யூட்டரும் வேலை செய்யவே மின்சாரம் வேண்டும்.

மலைப்பாதையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். இறக்கம்தானே, ஆள்கூட வேண்டாம், உருட்டிவிட்டால் போதும் என்று தோன்றும். எஞ்சின் ஓடாதபோது பவர் ஸ்டியரிங் இல்லை. பிரேக்கோ இரண்டு மூன்று தடவை மிதித்ததும் கல் மாதிரி இறுகிவிடும். கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் எடுக்காமல் போனால் வண்டியை நிறுத்துவது பெரும்பாடு.

செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

முதலில் பெட்ரோல் முள். சாய்வான இடத்தில் நிறுத்தியிருந்தால் ரிசர்வில் இருக்கும் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப்புக்கு எட்டாமல் போகும்.

அடுத்து, ஏசி ஃபேன், ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சாவியை ஆனுக்குத் திருப்பிப் பின்சீட் பக்கம் காதைக் கொடுங்கள். டேங்குக்குள் இருக்கும் பம்ப் இரண்டு வினாடி "ஙொய்ய்" என்று ஓடி நிற்கும். அந்தச் சத்தமே வரவில்லை என்றால் பம்ப்பின் ஃப்யூஸையும் ரிலேயையும் பாருங்கள். எது எதற்கு என்று ஃப்யூஸ் பெட்டியின் மூடியிலோ, காரோடு வந்த கையேட்டிலோ போட்டிருக்கும். கருகிய ஃப்யூஸுக்குப் பதில் அதே ஆம்பியர் எண்ணுள்ள ஃப்யூஸ்தான் போட வேண்டும். சிகரெட் அட்டை ஜிகினாத் தாளைச் சுற்றிச் செருகும் வழக்கம் வயரிங் மொத்தத்தையும் எரித்துவிடும். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறவர்களுக்கு பம்ப் சீக்கிரம் போகும், ஏனென்றால் அதைச் சுற்றி நிற்கும் பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது.

மீட்டர் போர்டில் சாவிப் படமோ, பூட்டு போட்ட கார்ப் படமோ விடாமல் மினுக்கினால் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு உங்கள் சாவியை ஏற்கவில்லை. சாவிக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. கீழே விழுந்து, தண்ணீரில் நனைந்து கெட்டுப்போகும். வேறு வண்டியின் சிப் சாவியை அதே வளையத்தில் கோத்திருந்தாலும் சில நேரம் குழம்பும். தனியாகப் பிரித்துப் போட்டுப் பாருங்கள், அப்புறம் பீரோவில் இருக்கும் இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அந்த இரண்டாவது சாவியை வெளியூருக்கு எடுத்துப் போகிறவர்கள் அரிது. போகும்போது இன்னொருவர் பையில் போட்டு வையுங்கள்.

காரை பார்க்கிங்கில் நாலடி நகர்த்திவிட்டு உடனே அணைத்தீர்களா? அதற்குப் பிறகு எடுக்கவில்லையா? பெட்ரோல் அதிகம் பாய்ந்து ஸ்பார்க் பிளக் நனைந்திருக்கும். பானெட் பக்கம் பெட்ரோல் வாடை அடிக்கும். ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு ஐந்து வினாடி செல்ஃப் அடியுங்கள். அப்படி அழுத்தினால் பெட்ரோல் தெளிப்பதை நிறுத்திவிட்டு வெறும் காற்றை மட்டும் விடும்படிதான் பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களின் கம்ப்யூட்டர் அமைந்திருக்கிறது. எஞ்சின் உறுமும்போது காலை எடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் எடுக்காத, ஓரிரு வாரம் நின்றுபோன கார் என்றால் எலியைத் தேடுங்கள். பானெட்டைத் திறந்ததும் எஞ்சின் மேல் புழுக்கை, கோழி எலும்பு, பஞ்சு கிடந்தால் விஷயம் முடிந்தது. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்குப் போகும் மெல்லிய வயர்களில் ரப்பர் உரிந்து செம்பு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு வயர் மட்டும் கடிபட்டிருந்தால் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒட்டிக் கொடுத்துவிடுவார், முழு வயரிங்கையும் மாற்ற வேண்டியதில்லை. எலிக்குப் புகையிலையைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள், நாப்தலீன் உருண்டை போடுகிறார்கள். வாசனை இருக்கும் வரைதான் அதற்கெல்லாம் மரியாதை. குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தாமல் இருப்பதும், வண்டியை அடிக்கடி எடுப்பதும், ராத்திரி பானெட்டைத் திறந்து வைப்பதும் அதைவிட நன்றாக வேலை செய்கின்றன.

டீசல் கார் என்றால் சுருள் கம்பி போன்ற மஞ்சள் விளக்கு அணையும் வரை பொறுத்துவிட்டுத்தான் செல்ஃப் அடிக்க வேண்டும். டீசல் முழுக்கத் தீர்ந்து நின்ற வண்டியில் டீசல் ஊற்றினாலும் உடனே எடுக்காது, குழாயில் காற்று புகுந்திருக்கும். ஃபில்டர் அருகே கையால் அழுத்தும் பம்ப் இருந்தால், அது இறுகும் வரை அழுத்துங்கள்.

தண்ணீரில் நின்ற கார்

மேலே சொன்ன எதையும் இங்கே செய்யக் கூடாது. சாவியைக்கூடத் திருப்பாதீர்கள்.

2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ எஞ்சின்கள் வீணானது, வெள்ளம் வடிந்த பிறகு "ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே" என்று செல்ஃப் அடித்ததால்தான். காற்றை அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் முட்டி நின்று, அதைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும். சில ஆயிரத்தில் சுத்தம் செய்து எடுத்திருக்க வேண்டிய எஞ்சின், லட்சத்தில் பில் வாங்கும் எஞ்சின் ஆகிவிடும். இன்ஷூரன்ஸும் கைகொடுக்காது. வெள்ளச் சேதத்தை ஏற்கும் சாதாரண பாலிசிகள், நாமே ஸ்டார்ட் செய்து கெடுத்த எஞ்சினை ஏற்பதில்லை. அதற்கு எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் எடுத்திருக்க வேண்டும். மழை அறிவிப்பு வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டுவது சும்மா இல்லை.

தண்ணீர் வடிந்ததும், எட்டும் இடத்தில் இருந்தால் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். தண்ணீர் ஏறிய அடையாளம் தெரியும்படி நாலு பக்கமும் போட்டோ எடுத்து, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிட்டு, மேலே ஏற்றிச் செல்லும் வண்டியை வரவழையுங்கள். மின்சாரக் காரோ ஹைபிரிட்டோ என்றால் ஆரஞ்சு நிற வயர்கள் பக்கமே கை போகக் கூடாது.

ரோட்டில் நின்றுவிட்டால்

நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் ரிப்பேர் பார்ப்பது இரண்டாவது வேலை. முடிந்தவரை இடது ஓரம் ஒதுக்கி, நாலு இண்டிகேட்டரும் மினுக்கும் ஹசார்ட் லைட்டைப் போட்டு, டிக்கியில் இருக்கும் சிவப்பு முக்கோணத்தைப் பின்னால் நன்றாகத் தள்ளி வையுங்கள். ஆட்களை வண்டிக்குள்ளோ பின்னாலோ இருக்க விடாமல் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கு அடிக்கலாம். சுங்கச்சாவடி உள்ள சாலையில் இழுவை வண்டிக்கு ஏற்பாடு செய்வார்கள். கார் கம்பெனியின் சாலை உதவி எண் பெரும்பாலும் முன்கண்ணாடி ஸ்டிக்கரில் இருக்கும், இப்போதே போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் காரைக் கயிறு கட்டி இழுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள், கியர் பாக்ஸ் கெடும். மேலே ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

எடுத்துவிட்டது, இனி?

ஜம்ப் கொடுத்து எடுத்த காரை உடனே அணைக்காதீர்கள். நின்ற இடத்தில் உறும விடுவதைவிட முக்கால் மணி நேரம் ஓட்டுவது மேல். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் மீட்டரை வைத்தால் 13.8-லிருந்து 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். சில புதிய கார்களில் கம்ப்யூட்டரே இதை ஏற்றி இறக்கும், அதனால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். 13-க்குக் கீழேயே நின்றாலோ, மீட்டர் போர்டில் பேட்டரிப் படம் சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தாலோ பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரோ அதன் பெல்ட்டோ போயிருக்கிறது. புதுப் பேட்டரி போட்டாலும் அடுத்த நாள் இதே கதைதான். ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிறேன் என்று எஞ்சின் ஓடும்போதே டெர்மினலைக் கழற்றும் பழைய மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். அம்பாசிடர் காலத்தில் அது செல்லுபடியானது. இன்றைய காரில் வோல்ட்டேஜ் எகிறி கம்ப்யூட்டரைப் பதம் பார்த்துவிடும், கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள்.

பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் நன்றாக இருந்து, நின்ற காரில் மட்டும் சார்ஜ் இறங்குகிறது என்றால் எதுவோ இரவெல்லாம் இழுக்கிறது. டேஷ் கேமரா, பிறகு போட்ட அலாரம், சரியாகச் சாத்தாத டிக்கியின் விளக்கு என்று தேடுங்கள். மாதக்கணக்கில் வெளிநாடு போகிறவர்கள் மைனஸைக் கழற்றிவிட்டுப் போகலாம்.

புதுப் பேட்டரி வாங்க வேண்டிய கட்டாயம் வந்தால், பழையதில் உள்ள ஆம்பியர்-மணி (Ah) எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 35 இருக்கும். பிளஸ் எந்தப் பக்கம் என்பதும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் கேபிள் எட்டாது. சிக்னலில் தானாக எஞ்சின் நிற்கும் வசதி உள்ள கார் என்றால் அதற்கென்று உள்ள பேட்டரிதான் போட வேண்டும், சாதாரணப் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். கடையில் மாதக்கணக்கில் தூங்கிய பேட்டரியைத் தலையில் கட்டிவிடாமல் தயாரித்த மாதத்தைக் கேளுங்கள், வாங்கும் முன் மீட்டர் வைத்து 12.5-க்கு மேல் காட்டுகிறதா என்று பாருங்கள். பழைய பேட்டரியைக் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள். அதைச் சொல்லாமலே முழு விலை சொல்லும் கடைகளும் உண்டு, நீங்களே கேட்டுவிடுங்கள். வாரண்டி அட்டையில் தேதியும் முத்திரையும் போட்டு வாங்கி, காரின் கையேட்டுக்குள்ளேயே செருகி வையுங்கள்.